ஸ்கோர்போர்டு பொய் சொல்லாது, ஆனா டீமை எடுக்கிறது ஸ்கோர்போர்டு இல்லையே

"ஸ்போர்ட்ஸ்ல ஜாதி, மதம், நிறம் எல்லாம் எடுபடாதுப்பா, ஆடத் தெரிஞ்சா ஆடு, தெரியலன்னா ஓரமா உக்காரு" - இப்படி ஒருத்தராவது சொல்லாத விளையாட்டு அரட்டையை நான் பார்த்ததே இல்ல. சொல்றவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்ல வரல. நூறு மீட்டர் ஓட்டத்துல ஸ்டாப்வாட்ச்சுக்கு ஓடுறவன் யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரியாது, ஸ்டம்ப் பறந்தா பறந்ததுதான். ஆனா அந்த ஸ்டார்ட்டிங் லைன் வரைக்கும் யாரை விடுறாங்க, விட்டப்புறம் எந்த வேலையைக் குடுக்குறாங்க, தோத்துட்டா யாரைப் புடிச்சுத் திட்டுறாங்க, இதெல்லாம் ஸ்டாப்வாட்ச் முடிவு பண்றதில்ல, மனுஷங்க முடிவு பண்றது. பாகுபாடு குடியிருக்கிற இடம் அதுதான், நம்பர் எட்டாத இடம்.

பல்வாங்கர் பாலு கதையில இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா இதுல இருக்குற எல்லா முடிச்சும் அந்த ஒரே ஆளோட வாழ்க்கையில இருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுற நேரம், பூனாவுல வெள்ளைக்காரங்க கிளப்ல பிட்ச் உருட்டுற, நெட் கட்டுற வேலை பார்த்தவர். தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கி வச்சிருந்த சமூகம். இடது கை ஸ்பின். அங்க கிரெய்க்னு ஒரு இங்கிலீஷ் பேட்ஸ்மேன் பிராக்டிஸ் பண்றதுக்கு இவரை பௌலிங் போட வைப்பார், மணிக்கணக்கா போடுவார், அவரை அவுட் ஆக்குற ஒவ்வொரு தடவையும் எட்டணா குடுப்பார்னு ஒரு கதையும் உண்டு. ஆனா பேட் புடிக்க ஒரு தடவை கூட இவரை விட்டதில்லன்னு சொல்றாங்க. பேட்டிங்ங்குறது துரைமார் வேலை, பௌலிங் கூலி வேலை மாதிரி. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி அமெரிக்காவுல இதே கதை வரும்.

அப்ப கிரிக்கெட் டீம்களே மதவாரியா பிரிஞ்சிருந்துச்சு, வெள்ளைக்காரங்க டீமைத் தோக்கடிக்கணும்னா இந்த ஆள் வேணும்னு பூனா இந்துக்கள் டீமுக்குப் புரிஞ்சுது, பெரிய விவாதத்துக்கு அப்புறம் சேர்த்துக்கிட்டாங்க. மைதானத்துல அவர் கைபட்ட பந்தை எல்லாரும் தொட்டாங்க, தொடாம கிரிக்கெட் எப்படி ஆடுறது. டீ பிரேக் வந்தா மத்தவங்க உள்ள பீங்கான் கப்ல குடிப்பாங்க, இவருக்கு வெளிய மண் குவளை. பந்துக்குத் தீட்டு இல்ல, கப்புக்குத் தீட்டு! 1911ல இந்திய டீம் இங்கிலாந்து டூர் போனப்ப மொத்த ஆட்டங்கள்லயும் சேர்த்து 114 விக்கெட். டீம் பெரும்பாலும் உதை வாங்குன டூர் அது, இவர் மட்டும் தனியா ஒளிர்ந்தார். இவ்வளவு இருந்தும் இந்துக்கள் டீமுக்கு அவரை கேப்டன் ஆக்கவே இல்ல. அந்தப் பதவி கடைசியா 1923ல அவரோட தம்பி விட்டலுக்குத்தான் போச்சு, அதுவும் அண்ணன் தம்பிங்க சேர்ந்து நாங்க ஆடலன்னு ஒரு வருஷம் ஒதுங்கி நின்னு சண்டை போட்டதுக்கு அப்புறம்.

ஏன் விக்கெட் எடுக்க விட்டவங்க கேப்டன் ஆக்க மட்டும் மறுத்தாங்க? விக்கெட்டுக்குக் கணக்கு இருக்கு. எடுத்தா எடுத்தான், மறுக்க முடியாது. கேப்டன்சிக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. "தலைமைப் பண்பு", "பக்குவம்", "நாலு பேரை அனுசரிச்சுப் போற குணம்"னு வாய்க்கு வந்ததைச் சொல்லி யாரை வேணா தள்ளிவிடலாம், நிரூபிக்கவும் வேண்டாம். அதுக்கு மேல இன்னொண்ணு, அவர் கேப்டன்னா மேல்சாதிப் பையன் அவர் சொல்ற இடத்துல போய் நிக்கணும். விக்கெட் எடுக்குறதுல அந்தப் பிரச்சனை இல்ல.

இப்ப அப்படியே அமெரிக்கா. 1947 ஏப்ரல் 15, ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் டீமுக்காக இறங்குறார், அங்க பேஸ்பாலோட உச்ச மட்டமான மேஜர் லீக்ல இருபதாம் நூற்றாண்டோட முதல் கறுப்பின வீரர். எதிர் டீம் மேனேஜர்ல (பேஸ்பால்ல தலைமை கோச்சை அப்படித்தான் சொல்வாங்க) இருந்து ரசிகர் வரைக்கும் அசிங்கமா திட்டினாங்க, திருப்பித் திட்டாம இருக்கணும்ங்குறது டீம் நிர்வாகத் தலைவர் பிராஞ்ச் ரிக்கி போட்ட கண்டிஷன். அந்த வருஷம் சிறந்த புதுமுகம், 1949ல லீக்கோட மதிப்புமிக்க வீரர். கதை இதோட முடிஞ்சிட்ட மாதிரிதான் எல்லாரும் சொல்வாங்க, கதவு திறந்துச்சு, வெளிச்சம் வந்துச்சுன்னு. 1972 அக்டோபர்ல, மேஜர் லீக்கோட ஃபைனலான உலகத் தொடர் ஆட்டத்துல அவரைக் கூப்பிட்டு கௌரவிச்சாங்க, சர்க்கரை வியாதியில கண்ணு பெரும்பாலும் போயிருந்துச்சு, மைக்கைப் புடிச்சு நன்றி சொன்னவர், மூணாவது பேஸ் பக்கம் மேனேஜர் நிக்கிற இடத்துல ஒரு கறுப்பு முகம் தெரிஞ்சா இன்னும் சந்தோஷப்படுவேன்னு சொல்லிட்டு உக்காந்தார். ஒன்பது நாள்ல இறந்துட்டார். முதல் கறுப்பின மேனேஜரா ஃபிராங்க் ராபின்சன் வந்தது 1975ல. ஆடுறதுக்கும் ஆட வைக்கிறதுக்கும் நடுவுல 28 வருஷம்.

அந்த 28 வருஷம் எப்படிப் போச்சுன்னு தெரியணும்னா 1987க்கு வரணும். ராபின்சன் வந்த நாற்பதாவது ஆண்டுன்னு ஒரு டிவி நிகழ்ச்சி, அதே டாட்ஜர்ஸ் டீமோட நிர்வாகி ஆல் கம்பானிஸ் உக்காந்திருக்கார். ராபின்சன்கூட சேர்ந்து ஆடினவர், அவருக்கு நண்பர், வெறுப்பு கக்குற ஆள் கிடையாது. ஏன் இன்னும் கறுப்பின மேனேஜர்கள் இல்லன்னு கேட்டா, அந்த வேலைக்குத் தேவையானது சிலது அவங்ககிட்ட இல்லாம இருக்கலாம்னு சொல்றார், பேச்சுவாக்குல அவங்க நல்லா நீந்த மாட்டாங்க, உடம்பு மிதக்காதுன்னு வேற சேர்த்துக்கிட்டார். ரெண்டு நாள்ல வேலை போச்சு. எனக்கு இதுல வில்லன் யாருன்னு தேடுறதைவிட, நண்பனா இருந்துக்கிட்டே ஒருத்தர் இப்படி நம்ப முடியும்ங்குறதுதான் முக்கியமாப் படுது. வெறுப்பு இருந்தா கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது, ஆளை எடுக்குற மேஜையில அமைதியா உக்காந்திருக்கும்.

மேனேஜர் பதவின்னு இல்ல, ஆடுற இடத்துலயே இது உண்டு. 1970ல லாய், மெக்கெல்வோக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பேஸ்பால், அமெரிக்கன் ஃபுட்பால் டீம்களை எடுத்து எந்த பொசிஷன்ல யார் நிக்கிறாங்கன்னு எண்ணிப் பார்த்தாங்க. முடிவெடுக்கிற, எல்லார்கூடவும் பேசி ஆட்டத்தை நடத்துற நடு இடங்கள்ல வெள்ளையர், ஓரத்துல ஓடுறது தாவுறது புடிக்கிறதுங்குற இடங்கள்ல கறுப்பினத்தவர். காலேஜ்ல குவார்ட்டர்பேக்கா, அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற ஆளா, ஆடினவனைக்கூட புரொஃபஷனல் டீம் எடுத்ததும் "நீ ஓடுறதுக்கு சரியான ஆளு"ன்னு வேற இடத்துக்கு மாத்துவாங்க. பாலுவுக்கு பேட் குடுக்காத அதே கணக்கு. 1988 ஜனவரியில டக் வில்லியம்ஸ், அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கோட ஃபைனலான சூப்பர் பௌல் ஜெயிச்ச முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் ஆனார், ரெண்டு பக்கமும் கறுப்பின குவார்ட்டர்பேக் நின்ன முதல் சூப்பர் பௌல் 2023ல. இடைப்பட்ட காலத்துல அந்த லீக்ல இன்னொரு கூத்து நடந்துச்சு, தலையில அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட பழைய வீரர்களுக்கு நஷ்டஈடு குடுக்கும்போது கறுப்பின வீரருக்கு ஆரம்பத்துலயே மூளைத் திறன் கம்மின்னு வச்சு பாதிப்பைக் கணக்குப் போடுற முறை இருந்துச்சு, அதனால அவங்களுக்குப் பாதிப்பு கம்மியா இருக்குற மாதிரி வரும், காசும் வராது. இதைக் கைவிடுறோம்னு லீக் சொன்னது 2021ல. ஆமா, 2021.

கமெண்டரியும் இதே பாட்டைத்தான் பாடுது. 2020ல ஐரோப்பிய ஃபுட்பால் லீக்குகளோட 80 ஆட்டங்கள் கமெண்டரியை எடுத்து ஒரு ஆய்வு பண்ணினாங்க. வெளிர் தோல் வீரர்னா புத்திசாலித்தனம், உழைப்புன்னு பாராட்டு அதிகம், கருந்தோல் வீரர்னா பலம், வேகம்னு அதிகம். ரெண்டுமே பாராட்டுதானே, இதுல என்ன தப்புன்னு தோணும். பத்து வயசுல இருந்து "நீ காளை மாதிரி இருக்கடா"ன்னே கேட்டு வளர்ந்தவனை நாளைக்கு கோச் வேலைக்கு யாராவது யோசிப்பாங்களா? அவனே யோசிப்பானா? தப்பு அங்கதான்.

கம்பானிஸ் சொன்ன நீச்சல் விஷயத்துக்கு இப்ப வர்றேன், ஏன்னா அதுல காரணமும் விளைவும் தலைகீழா மாறின கதை இருக்கு. நல்லா நீந்துறவங்க கம்மிங்குறது அப்ப கண்ணுக்குத் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா காரணம் உடம்பு இல்ல, குளம். அமெரிக்காவுல நகராட்சி நீச்சல் குளங்கள்ல கறுப்பினத்தவரைப் பல காலம் விடல, கோர்ட் விடச் சொன்னா சில ஊர்கள்ல குளத்தையே மூடினாங்க, வசதியான வெள்ளையர்கள் தனியார் கிளப்புக்குப் போயிட்டாங்க. 1964 ஜூன்ல ஃபுளோரிடாவுல செயின்ட் அகஸ்டின் ஊர்ல போராட்டக்காரங்க வெள்ளையருக்கு மட்டும்னு இருந்த ஒரு மோட்டல் குளத்துல குதிச்சாங்க, மேனேஜர் அவங்க தண்ணிக்குள்ள இருக்கும்போதே ஆசிட்டை எடுத்து ஊத்தினார், போட்டோ இருக்கு. குளத்துக்குள்ள விடாத அப்பா அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, நீச்சல் தெரியாத அப்பா அம்மா பிள்ளையைத் தண்ணி பக்கமே விட மாட்டாங்க. இது பதக்கக் கணக்கு மட்டும் இல்ல, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2014ல வெளியிட்ட கணக்குல நீச்சல் குளத்துல மூழ்கி இறக்குற 5 முதல் 19 வயசு கறுப்பினப் பிள்ளைங்க விகிதம் வெள்ளைப் பிள்ளைங்களைவிட 5.5 மடங்கு. அதனாலதான் 2016 ரியோவுல சிமோன் மேனுவல் நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல்ல தங்கம் வாங்கினப்ப, தனிநபர் நீச்சல்ல தங்கம் வாங்கின முதல் கறுப்பின அமெரிக்கப் பெண்ணா நின்னப்ப, அந்தக் கண்ணீருக்கு வேற அர்த்தம் இருந்துச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு, அடர்த்தியான சுருள் முடிக்குன்னு கொஞ்சம் பெருசா செஞ்ச நீச்சல் தொப்பியை சர்வதேச நீச்சல் சம்மேளனம் தலையோட இயல்பான வடிவத்துக்குப் பொருந்தலன்னு சொல்லி மறுத்துச்சு. யாரோட தலையோட இயல்பு? ஒரே சத்தம் ஆனதும் 2022ல அனுமதிச்சாங்க. தொப்பி சின்ன விஷயம்னு நினைக்கலாம், பத்து வயசுப் பொண்ணுக்கு ஸ்விம்மிங் கிளாஸை விடுறதுக்குச் சின்ன காரணமே போதும்.

சரி, "நம்ம ஆளு ஒருத்தன் மேல வந்துட்டான்"ங்குறதால என்ன மாறுது? கொஞ்சம் மாறுது, அதை அளந்தே காட்டியிருக்காங்க. 2017ல எகிப்து ஃபுட்பால் வீரர் மோ சாலா இங்கிலாந்தோட லிவர்பூல் டீமுக்கு வந்தார், கோல் அடிச்சா தரையில நெத்தி வச்சு சஜ்தா பண்ணுவார், மறைச்சு மழுப்பிற ஆள் இல்ல. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டதுல, அவர் வராம இருந்திருந்தா எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட அந்தப் பகுதியில வெறுப்புக் குற்றங்கள் 16 சதவீதம் கம்மி, லிவர்பூல் ரசிகர்களோட முஸ்லிம் எதிர்ப்பு ட்வீட்கள் கிட்டத்தட்ட பாதி. ஒரு வெளிநாட்டு விங்கர் பண்ணின வேலைக்கு இது சாதாரணம் இல்ல.

ஆனா சாலா அப்ப கோல் மழை பொழிஞ்சுக்கிட்டு இருந்தார்ங்குறதை மறந்துடக்கூடாது. பெனால்டி மிஸ் பண்ணினா? 2021 ஜூலை 11, யூரோ ஃபுட்பால் ஃபைனல், இங்கிலாந்துக்காக ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாக்கா மூணு பேர் பெனால்டியைத் தவறவிட்டாங்க, மூணு பேரும் கறுப்பினத்தவர், அன்னிக்கு ராத்திரியே அவங்க பக்கங்கள்ல குரங்கு எமோஜியா கொட்டுச்சு. ஒரு மாசம் கூட ஆகல, ஆகஸ்ட்ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஹாக்கி அரையிறுதியில இந்தியப் பெண்கள் அர்ஜென்டினாகிட்ட தோத்தாங்க. ஹரித்வார் பக்கத்துல வந்தனா கட்டாரியா வீட்டுக்கு வெளிய சிலர் பட்டாசு வெடிச்சு, தலித்துகள் டீம்ல அதிகமானதாலதான் தோத்துச்சுன்னு ஜாதி சொல்லித் திட்டினதா குடும்பத்தார் புகார் குடுத்தாங்க, போலீஸ் கைதும் பண்ணுச்சு. சில நாள் முன்னாடிதான் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிரா ஹாட்ரிக் அடிச்சிருந்தார், ஒலிம்பிக்ஸ்ல ஹாட்ரிக் அடிச்ச முதல் இந்தியப் பெண். அதே அக்டோபர்ல பாகிஸ்தான்கிட்ட இந்தியா தோத்ததும் முகமது ஷமியை மதம் சொல்லி இணையத்துல எப்படித் திட்டினாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஜெர்மனியோட துருக்கி வம்சாவளி ஃபுட்பால் வீரர் மெசுட் ஓசில் 2018ல டீமை விட்டு விலகும்போது சொன்னார், ஜெயிச்சா நான் ஜெர்மன்காரன், தோத்தா குடியேறி வந்தவன்னு. வாடகை வீட்டுல இருக்குற மாதிரி, மாசாமாசம் கோல் கட்டலன்னா பெட்டியைத் தூக்கி வெளிய போட்டுடுவாங்க.

உள்ள வந்தவங்க எவ்வளவு தனியா இருப்பாங்கங்குறதுக்கு மகாயா இன்டினி கதை போதும். 1998ல தென் ஆப்பிரிக்காவுக்கு டெஸ்ட் ஆடின முதல் கறுப்பின ஆப்பிரிக்கர், 390 விக்கெட். டீம் பஸ்ல ஏறாம ஹோட்டல்ல இருந்து கிரவுண்டுக்கு ஓடியே போவார், ஃபிட்னஸ் மேல அவ்வளவு வெறின்னு எல்லாரும் புகழ்ந்தாங்க. 2020ல அவரே வாயைத் திறந்தார், பஸ்ல பின்னாடி உக்காந்தா எல்லாரும் முன்னாடி போயிடுவாங்க, சாப்பாட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க, அந்தத் தனிமையில இருந்து தப்பிக்கத்தான் பையை டிரைவர்கிட்ட குடுத்துட்டு ஓடினேன்னு. எத்தனை வருஷம் அந்த ஓட்டத்தைக் கை தட்டி ரசிச்சோம்.

தென் ஆப்பிரிக்கான்னதும் கோட்டா பேச்சு வரும். 2016ல இருந்து ஒரு சீசனோட சராசரியில டீம்ல ஆறு பேர் வெள்ளையர் அல்லாதவங்க, அதுல ரெண்டு பேர் கறுப்பின ஆப்பிரிக்கர்னு இலக்கு வச்சாங்க. டெம்பா பவுமா அந்த வருஷம் ஜனவரியிலயே டெஸ்ட் சதம் அடிச்சவர், டெஸ்ட்ல சதம் போட்ட முதல் கறுப்பின தென் ஆப்பிரிக்கர், ஆனாலும் ரெண்டு இன்னிங்ஸ் சரியா போகலன்னா "கோட்டா பிளேயர்"னு ஒரே கேலி, உயரத்தை வச்சு வேற. 2025 ஜூன், லார்ட்ஸ், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல், எதிர்ல ஆஸ்திரேலியா, அடிக்க வேண்டியது 282. தொடைத் தசை இழுத்துக்கிச்சு, நொண்டிக்கிட்டே 66 எடுத்தார், மார்க்ரமோட 147 பார்ட்னர்ஷிப், கோப்பை கேப்டன் பவுமா கையில. இதை வச்சு கோட்டா சரின்னு நிரூபணம் ஆயிடுச்சுன்னு நான் சொல்லல, ஒரு மேட்ச் எதையும் நிரூபிக்காது. கோட்டாங்குற பேரையே வச்சு திறமையானவனையும் சந்தேகத்தோட பார்க்குறது உண்மையான பிரச்சனைதான். ஆனா கோட்டா இல்லாத அத்தனை வருஷமும் நடந்ததும் ஒரு கோட்டாதானே, பதினோரு இடமும் ஒரே நிறத்துக்கு, அதுக்கு யாரும் அந்தப் பேரை வைக்கல.

சேர்ந்து ஆடினா மனசு மாறுமாங்குற கேள்விக்கு நல்லெண்ணப் பேச்சு நிறைய கிடைக்கும், சரியான சோதனை கம்மி. ரெண்டு சோதனை எனக்கு ரொம்ப பிடிச்சது. மாட் லோங்குற பொருளாதார ஆராய்ச்சியாளர் உத்தரப்பிரதேச கிராமங்கள்ல ஆயிரத்துக்கும் மேல இளைஞர்களை வச்சு கிரிக்கெட் லீக் நடத்தினார், குலுக்கல் முறையில சிலரை ஜாதி கலந்த டீம்ல, சிலரை ஒரே ஜாதி டீம்ல போட்டார். ஒரே டீம்ல சேர்ந்து ஆடினவங்களுக்கு வேற ஜாதி நண்பர்கள் கூடினாங்க. எதிர் எதிர் டீமா ஆடினவங்களுக்கு கூடல, குறைஞ்சுச்சு. அதாவது "எல்லாரையும் கிரவுண்டுக்குக் கூட்டிட்டு வந்தா போதும்"ங்குறது தப்பு, தெருவுக்கு ஒரு டீம்னு பிரிச்சு மோத விட்டா ஏற்கெனவே இருக்குற கோட்டை அழுத்தி வரையிற மாதிரி. இன்னொண்ணு சல்மா மௌசா ஈராக்ல பண்ணினது. ஐஎஸ் காலத்துல இடம்பெயர்ந்த கிறிஸ்தவ இளைஞர்களோட ஃபுட்பால் டீம்கள்ல சிலதுக்கு முஸ்லிம் வீரர்களைச் சேர்த்துவிட்டார். கூட ஆடினவனோட உறவு நல்லா ஆச்சு, ஆறு மாசம் கழிச்சும் சேர்ந்து பயிற்சி பண்ணினாங்க. ஆனா கிரவுண்டுக்கு வெளிய, முகம் தெரியாத முஸ்லிம்கள் மேல அந்த நம்பிக்கை அவ்வளவா பரவல. "நீ நல்லவன்டா, உங்காளுங்கதான்..."னு சொல்ற வசனம் நமக்கு ரொம்ப பழக்கமானதுதானே.

அப்ப ஜெயிச்சு மேல வந்தவங்க சின்னப் பசங்களுக்குத் திருப்பிச் செய்யுறதுங்குறது எங்க வருது? என் கணக்குல, வாசலை யாரோ புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னா அந்த வாசல்ல வேலை பார்க்குறதுதான் திருப்பிச் செய்யுறது. கையெழுத்துப் போட்ட பந்து, ஒருநாள் கேம்ப், பெரிய சைஸ் செக்கோட போட்டோ, இதெல்லாம் கெட்டது இல்ல, ஆனா சாயங்காலம் வண்டி கிளம்பினதும் கிரவுண்டு சாவி யார்கிட்ட இருக்குன்னு பாருங்க.

ராஷ்ஃபோர்டு பண்ணினது வித்தியாசமா இருந்ததுக்குக் காரணம் அவர் ஃபுட்பாலையே தொடல. 2020 ஜூன்ல எம்பிக்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார், சின்ன வயசுல பள்ளியோட இலவசச் சாப்பாட்டுல வளர்ந்தவன் நான், கோடை விடுமுறையில பிள்ளைங்களைப் பட்டினி போடாதீங்கன்னு. முடியாதுன்னு சொன்ன அரசாங்கம் அடுத்த நாளே பல்டி அடிச்சுது, இங்கிலாந்துல சுமார் 13 லட்சம் பிள்ளைங்களுக்குப் பலன். பசியோட இருக்குறவன் எந்த டீம்லயும் தேற மாட்டான்னு தெரிஞ்ச ஆளோட வேலை அது. அடுத்த வருஷம் அந்தப் பெனால்டி ராத்திரியில மான்செஸ்டர்ல இருந்த அவரோட சுவர் ஓவியத்தை யாரோ கிறுக்கி நாசம் பண்ணினாங்க. மறுநாள்ல இருந்து அந்தக் கிறுக்கல் தெரியாத அளவுக்கு ஜனங்க கடிதம் ஒட்டினாங்க, அதுல நிறைய சின்னப் பசங்க எழுதினது.

ஜாக்கி ராபின்சன் இறந்த அடுத்த வருஷம், 1973ல, மனைவி ரேச்சல் ஆரம்பிச்ச அறக்கட்டளை பேஸ்பால் அகாடமி இல்ல, காலேஜ் ஸ்காலர்ஷிப். பாஸ்கெட்பால் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் 2018ல தன்னோட ஊரான ஆக்ரன்ல அரசுப் பள்ளி நிர்வாகத்தோட சேர்ந்து ஸ்கூல் திறந்தார், படிப்புல பின்தங்கின பிள்ளைங்களாப் பார்த்து எடுத்தாங்க, குடும்பத்துக்கும் உதவி. 2023ல அங்க எட்டாம் வகுப்புக்குப் போற செட்ல மூணு வருஷமா ஒருத்தர் கூட மாநிலக் கணக்குத் தேர்வுல பாஸ் ஆகலன்னு செய்தி வந்துச்சு, ஒரே கேலி. எனக்கு அந்தக் கேலியில உடன்பாடு இல்ல, பின்தங்கினவங்களைத் தேடி எடுத்துட்டு ஏன் முந்தலன்னு கேக்குறது நியாயம் இல்ல, நடுவுல கொரோனா வேற. ஆனா நட்சத்திரத்தோட பேரும் பணமும் மட்டும் வாத்தியார் வேலையைப் பார்த்துடாதுங்குறதையும் அது காட்டுச்சு.

எனக்கு ரொம்ப நெருக்கமா இருக்குறது டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் கதை. 1943ல அமெரிக்காவுல ரிச்மண்ட்ல பிறந்தவர், அப்பா கறுப்பினத்தவருக்குன்னு ஒதுக்கின ஒரு பார்க்கோட காவலாளி மாதிரி, வீடே பார்க்குக்குள்ள, வாசல்லயே டென்னிஸ் கோர்ட். அந்த வேலை அப்பாவுக்குக் கிடைக்கலன்னா நமக்கு ஆஷ் கிடையாது, அவ்வளவு தற்செயல். ஊரோட நல்ல கோர்ட்ல ஆட அவரை விடல. ராபர்ட் வால்டர் ஜான்சன்னு ஒரு டாக்டர், லிஞ்ச்பர்க்ல தன் வீட்டுப் பின்பக்கம் கோர்ட் போட்டு வருஷாவருஷம் கோடையில கறுப்பினப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தார், விம்பிள்டன் ஜெயிச்ச முதல் கறுப்பினப் பெண் ஆல்தியா கிப்சனுக்கும் உதவினவர் அவர்தான். அவர்கிட்ட ஒரு ரூல். கோட்டுக்கு ரெண்டு இன்ச் வெளிய விழுந்த பந்தைக்கூட உள்ளன்னு எடுத்து ஆடணும், வாக்குவாதம் கூடவே கூடாது, ஏன்னா உங்களைப் போட்டியில இருந்து துரத்த ஒரு சாக்கு கிடைச்சா போதும்னு காத்திருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, எதிராளியோட கோர்ட் உங்களோடதைவிட ரெண்டு இன்ச் பெருசு, அதோட ஜெயிக்கணும்.

ஆஷ் 1968ல யுஎஸ் ஓபன், 1975ல விம்பிள்டன் ஜெயிச்சார். 1969லயே ரெண்டு பேரோட சேர்ந்து நகரத்துப் பசங்களுக்கு டென்னிஸும் படிப்பும் சேர்த்துச் சொல்லிக்குடுக்குற ஜூனியர் லீக்கைத் தொடங்கினார், அது இன்னிக்கும் நடக்குது. ஆனா 1977ல பத்திரிகையில கறுப்பினப் பெற்றோர்களுக்கு அவர் எழுதின கடிதம் பலருக்குக் கசந்துச்சு. பிள்ளைங்களை லைப்ரரிக்கு அனுப்புங்க, மைதானத்துல ஒரு மணி நேரம்னா லைப்ரரியில ரெண்டு மணி நேரம்னார். விளையாட்டுல மேல வந்தவர் இதைச் சொல்லலாமான்னு கோபம். சொல்ல வேண்டிய ஆளே அவர்தான், ஏன்னா அந்த வாசல் எவ்வளவு குறுகல்னு இடிச்சுக்கிட்டு உள்ள போனவருக்குத்தான் தெரியும். ஆயிரம் பேர் ஓடி வந்தா ஒருத்தனுக்கு காண்ட்ராக்ட், மத்த 999 பேர் என்ன ஆனாங்கன்னு எந்த விளம்பரமும் காட்டாது. ஒரு இளைஞர் விளையாட்டுத் திட்டம் நல்லதா இல்லையான்னு அங்க இருந்து வந்த சாம்பியனை வச்சு நான் பார்க்க மாட்டேன், சாம்பியன் ஆகாதவங்களை வச்சுத்தான் பார்ப்பேன்.

அந்த ரெண்டு இன்ச்சுக்கு ஒரு பின்கதை இருக்கு. 2004 யுஎஸ் ஓபன் காலிறுதி, செரீனா வில்லியம்ஸும் கப்ரியாட்டியும், கடைசி செட்ல செரீனா அடிச்ச பந்துகள் தெளிவா உள்ள விழுந்தும் அவுட்னு வரிசையா குடுத்தாங்க, டிவி ரீப்ளேல உலகமே பார்த்துச்சு, ஆட்டம் போச்சு. அந்த அவமானம்தான் பந்து விழுந்த இடத்தைக் கேமரா வச்சுக் காட்டுற ஹாக்-ஐ தொழில்நுட்பத்தைச் சீக்கிரம் கொண்டு வர வச்சுது, 2006ல யுஎஸ் ஓபனுக்கு வந்துச்சு. அந்த மேட்ச் நடந்த கோர்ட்டோட பேர் ஆர்தர் ஆஷ் ஸ்டேடியம். இப்ப அங்க பந்து எங்க விழுந்துச்சுன்னு கேமரா சொல்லிடும், யாரும் யாருக்கும் ரெண்டு இன்ச் விட்டுக்குடுக்க வேண்டாம். பன்னிரண்டு வயசுல யாரை கேம்ப்புக்கு எடுக்குறதுன்னு மட்டும் இன்னும் ஒரு ஆள் நோட்டைப் புடிச்சுக்கிட்டு ஓரமா நின்னு பார்த்துத்தான் எழுதுறார்.